பால் ஸ்டோரு ஆசிட்டும் ஓட்டை வாளியும்: அமிலம் எதை அரிக்கும், எதை அரிக்காது?



அண்மையில் ஒரு கூடுதல் வகுப்பில் படிவம் 4 மாணவர்களிடம் எளிதான கேள்வி ஒன்றைக் கேட்டேன். “அமிலத்தை ஏன் இரும்பு டின்னில் வைக்காமல் போத்தலில் வைக்கிறோம்?” பெரும்பாலோர் எழுதிய விடை ஒரே வரிதான்: அமிலம் எல்லாப் பொருளையும் அரிக்கும். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் கையைத் தூக்கி, “எல்லாத்தையும் அரிக்கும்னா அந்தப் போத்தல ஏன் அரிக்கல டீச்சர்?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டதுதான் உண்மையான கேள்வி. அமிலத்தின் அரிக்கும் தன்மை அமிலத்துக்கு மட்டுமே சொந்தமானது போல நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படி இல்லை. எந்த அமிலம், எவ்வளவு செறிவு, எதிரில் இருக்கும் பொருள் என்ன, அங்கே தண்ணீர் இருக்கிறதா என்ற நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். இதைப் புரியவைக்க ஆய்வுக்கூடத்தைவிட எனக்குக் கைகொடுத்தது நான் வளர்ந்த தோட்டத்துப் பால் ஸ்டோருதான்.

இன்று பாரோய் பக்கம் போனால் தாமான்களும் ஸ்டேடியமும்தான் கண்ணில் படும். சிரம்பானிலிருந்து கோலப் பிலா போகும் சாலையை ஒட்டி அந்தக் காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. எங்கள் அப்பா ஒரு தோட்டத்தில் ஸ்டோரு வேலை செய்தார். காலையில் பால் வெட்டுக்காரர்கள் மங்கிலிருந்து சேர்த்த பாலைக் காண்டா வாளியில் தூக்கி வருவார்கள். அதை நிறுத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி உறைய வைப்பது அப்பாவின் வேலை. மலாய்க்காரர்கள் அந்த ஆசிட்டை ‘சூக்கா கெத்தா’ என்பார்கள், அதாவது ரப்பர் காடி. எங்கள் லயத்தில் அதற்கு ‘ஆசிட்’ என்பதே பெயர். பாடப்புத்தகத்தில் மெத்தனோயிக் அமிலம். பழைய பெயர் ஃபார்மிக் அமிலம். லத்தீன் மொழியில் ‘ஃபார்மிகா’ என்றால் எறும்பு. 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தை எடுத்தார். சில வகை எறும்புகள் நம்மேல் பீய்ச்சுவதும் இதே சரக்குதான்.

பால் ஏன் உறைகிறது?

படிவம் 5 பாலிமர் பாடத்தில் இது வருகிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். மரத்திலிருந்து வடியும் புதுப்பாலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் நுண்துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் ஒரு புரதப் படலம் மூடியிருக்கிறது. அந்தப் படலத்தின் மேல் எதிர்மின்னூட்டம். எல்லாத் துகளுக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன, பால் பாலாகவே நிற்கிறது.

அமிலம் ஊற்றியதும் ஹைட்ரஜன் அயனிகள் அந்த எதிர்மின்னூட்டத்தைச் சமன் செய்கின்றன. விலக்கம் போய்விடுகிறது. துகள்கள் மோதுகின்றன, படலம் உடைகிறது, உள்ளே இருக்கும் நீண்ட பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. புதுப்பாலின் பிஎச் மதிப்பு 7-க்குச் சற்றுக் கீழே இருக்கும். 5-க்குப் பக்கத்தில் இறங்கும்போது பால் தயிர் மாதிரி கட்டிப்படும். ஆசிட் ஊற்றாமல் விட்டாலும் மறுநாளைக்குள் உறைந்துவிடும், ஏனென்றால் பாக்டீரியா பெருகி அதுவே அமிலத்தை உண்டாக்கும். அம்மோனியா சேர்த்தால் ஹைட்ராக்சைடு அயனிகள் அந்த அமிலத்தைச் சமன் செய்துவிடும். பால் உறையாது.

“படலம் உடைகிறது” என்ற வரியை மட்டும் எழுதிவிட்டு, மின்னூட்டம் சமனாகும் படியை விட்டுவிடும் மாணவர்கள் அதிகம். முதல் படி இல்லாமல் இரண்டாம் படிக்குப் போக முடியாது, தம்பி தங்கைகளே.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இந்த ஆசிட் பாலை ‘அரிக்கவில்லை’. ரப்பர் சங்கிலியை அது தொடவே இல்லை. ஒரு கிலோ உலர்ந்த ரப்பருக்கு ஏறத்தாழ நாலைந்து கிராம் ஆசிட் போதும். ஆனால் அதே ஆசிட், அதே ஸ்டோரில், வாளியை ஓட்டையாக்கியது.

ஓட்டை வாளி

ஆசிட்டைத் தண்ணீரில் கலக்குவதற்கு என்று ஸ்டோரில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அது உடைந்துபோன சமயம், புதுசு வரும்வரை யாரோ ஒரு பழைய நாகத் தகர வாளியை எடுத்து வைத்துவிட்டார்கள். இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசிய வாளி அது. முதல் நாளே உள்பக்கம் பொடிப்பொடியாகக் குமிழி எழுந்தது. இரண்டு மூன்று மாதத்தில் அடிப்பக்கம் சல்லடை. அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்து வெயிலில் காட்டி, “பாத்தியா பாப்பா, நட்சத்திரம்” என்றது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் குமிழி ஹைட்ரஜன் வாயு. துத்தநாகம், வினைபடு வரிசையில் ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கும் உலோகம். அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிக்கு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, தான் அயனியாகித் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. துத்தநாகம் இருக்கும்வரை அது இரும்புக்குக் காவல். அது தீர்ந்ததும் அமிலம் இரும்பைப் பிடிக்கும். மழைக்கும் காற்றுக்கும் பல வருடம் தாங்கும் பூச்சு, அமிலத்துக்குச் சில நாள்கூடத் தாங்காமல் போகலாம். ‘துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசலாம்’ என்று ஆரம்பப் பள்ளியில் படித்தது சரிதான். அது தண்ணீருக்கும் காற்றுக்கும் சொன்ன விடை. அமிலத்துக்கு அல்ல.

அதே ஸ்டோரில் பால் உறையும் தொட்டிகள் அலுமினியம். வினைபடு வரிசையில் அலுமினியம் துத்தநாகத்துக்கும் மேலே. அப்படியென்றால் அது இன்னும் வேகமாகக் கரைந்திருக்க வேண்டும் அல்லவா? கரையவில்லை. அலுமினியம் காற்றுப் பட்ட உடனே தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் படலம் பிஎச் ஏறத்தாழ 4 முதல் 8 வரை நன்றாகத் தாங்கும். பாலோடு கலந்த ஆசிட் அந்த எல்லைக்குள் இருக்கிறது. வெறும் ஆசிட்டை அப்பா அந்தத் தொட்டியில் ஒருநாளும் நிறுத்தி வைத்ததில்லை. பிஎச் ரொம்ப இறங்கினாலும் ரொம்ப ஏறினாலும் படலம் கரைந்துவிடும். சமையலறையில் அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இராத்திரி முழுக்க விடாதே என்று அம்மா சொல்வதும் இதே கதை. சோடாக்காரம் போட்டுச் சட்டியைக் கழுவாதே என்பதும் இதே கதை.

ஷீட் உருட்டும் மிசின் வார்ப்பிரும்பு. உறைந்த பாலில் இருந்து பிழியப்படும் புளித்த நீர் அதன்மேல் வழிந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள் விட்டால் மறுநாள் காலை மிசின் செங்கல் நிறத்தில் நிற்கும், அன்றைக்கு உருட்டும் முதல் ஷீட்டில் துருக்கறை.

இரும்பு இப்படி என்றால் செம்பு வேறு மாதிரி. வினைபடு வரிசையில் அது ஹைட்ரஜனுக்குக் கீழே. ஆகவே நீர்த்த அமிலத்தில் குமிழி வராது. பாடத்தில் இங்கே நிறுத்திவிடுகிறோம். ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? பித்தளைப் பாத்திரத்தில் புளி ரசத்தை வைத்தால் களிம்பு ஏறும் என்று பாட்டிக்குத் தெரியும். அதற்காகத்தான் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்பை ஆக்சைடாக்க, அமிலம் அந்த ஆக்சைடைக் கரைத்துக்கொண்டே இருக்கும். மெதுவாக, ஆனால் நிற்காமல். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பதும் இதனால்தான். புளியின் அமிலம் மேலே இருக்கும் கறுத்த படலத்தைக் கரைக்கிறது, அடியில் இருக்கும் உலோகம் வெளியே தெரிகிறது.

இதில் ஸ்டோருக்கு என்ன சம்பந்தம்? செம்பு ரப்பருக்கு விஷம். கரைந்து வரும் செம்பு அயனி துளியளவு இருந்தாலும், ரப்பர் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் சிதைய அது தூண்டுகோலாகும். ஷீட் பிசுபிசுத்துப் போகும். அதனால் பாலும் ஆசிட்டும் படும் இடத்தில் செம்பு, பித்தளைச் சாமான்களைப் புழங்கக் கூடாது என்பது ரப்பர் தொழிலில் பழைய விதி. இங்கே அமிலம் அரித்ததால் குழாய்க்கு வந்த நட்டம் கொஞ்சம், சரக்குக்கு வந்த நட்டம்தான் பெரிசு.

மரமும் துணியும்

மரத்தை அமிலம் எரித்துக் கரியாக்கிவிடும் என்று மாணவர்கள் எழுதுவார்கள். எந்த அமிலம் என்று கேட்டால் முழிப்பார்கள். அடர்ந்த கந்தக அமிலம் என்றால் விடை சரி. மரத்தின் செல்லுலோஸில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் இருக்கின்றன. அடர்ந்த கந்தக அமிலத்துக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு பேராசை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தண்ணீராக்கிப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் கறுப்புக் கார்பன். சீனியின் மேல் ஊற்றினால் கறுத்துப் பொங்கி எழும்புமே, அதுவும் இதுதான்.

நீர்த்த, வலுக்குறைந்த அமிலங்களை மரம் நன்றாகவே தாங்கும். நம் வீட்டு ஊறுகாய் ஜாடி பீங்கான், அதில் போடும் கரண்டி மரம். இரும்புக் கரண்டியைப் போட்டுப் பாருங்கள், ஊறுகாயும் கறுக்கும், கரண்டியும் கெடும். மேல்நாட்டில் காடியை மரப்பீப்பாயில் வைத்தார்கள். ரப்பர் தொழிலின் தொடக்க காலத்தில் பால் உறைய மரத்தொட்டிகளும் இருந்தன. அங்கே தொல்லை கொடுத்தது அரிப்பு அல்ல. மரம் புளித்த நீரை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது, நாற்றமும் பாக்டீரியாவும் குடியேறும்.

இன்னொரு வேடிக்கை: மரமே அமிலம் கக்கும். சில வகை மரங்கள், முக்கியமாக ஓக், மிக மெதுவாக அசெட்டிக் அமில ஆவியை விடுகின்றன. மூடிய ஓக் அலமாரியில் வைத்த ஈயப் பொருள்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் போவதை அருங்காட்சியகக்காரர்கள் நன்கு அறிவார்கள். விறகை எரிக்கும்போது இது இன்னும் அதிகம். விறகுப் புகையில் அசெட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் உண்டு. ரப்பர் ஷீட்டை நாலைந்து நாள் தொங்கவிடும் புகை வீட்டில் அந்தப் புகை ஷீட்டைக் காய வைக்கிறது, பூஞ்சைக் காளான் பிடிக்காமலும் காக்கிறது. ஷீட் தொங்கும் மரக்கழிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எங்கள் புகை வீட்டுக் கூரைத் தகரம் லயத்துக் கூரைத் தகரத்துக்கு முன்னாலேயே ஓட்டையாகும். ஒரே கூரை, ஒரே புகை. மரம் நின்றது, நாகத் தகரம் போனது.

அடுத்து துணி. பருத்தியும் செல்லுலோஸ்தான். பேட்டரித் தண்ணி தெறித்த சட்டையைப் பார்த்திருப்பீர்கள். தெறித்த அன்று ஒன்றும் தெரியாது. துவைத்து எடுத்தால் பொத்தல் பொத்தலாக இருக்கும். பேட்டரியில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். துணி காயும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகிறது. கந்தக அமிலம் சாதாரணச் சூட்டில் ஆவியாகாது. தண்ணீர் போகப் போக, மிச்சம் இருக்கும் அமிலத்தின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. நீர்த்த அமிலம் துணியின்மேலேயே அடர்ந்த அமிலமாகிவிடுகிறது. “நீர்த்ததுதானே, பரவாயில்லை” என்று விட்டால் இப்படித்தான்.

அப்பாவின் சட்டையில் அப்படிப் பொத்தல் விழுந்ததில்லை. ஃபார்மிக் அமிலம் ஏறத்தாழ 101 பாகை செல்சியஸில் கொதிப்பது. கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி. துணி காயும்போது அதுவும் சேர்ந்து பறந்துவிடும். ரப்பர் உறைய வைக்கக் கந்தக அமிலம் மலிவாகக் கிடைத்தாலும் நல்ல ஷீட்டுக்கு ஃபார்மிக் அமிலத்தையே சொல்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். புகை வீட்டில் ஷீட் காயும்போது ஃபார்மிக் அமிலம் போய்விடுகிறது. கந்தக அமிலம், அளவு மிஞ்சிப் போட்டுச் சரியாகக் கழுவாமல் விட்டால், ஷீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஷீட்டும் கெடும், மிசினும் கெடும். சட்டையில் நடந்ததேதான் ஷீட்டிலும். இந்த இரண்டு உதாரணத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் மறப்பதில்லை, இது என் அனுபவம்.

(உபரிச் செய்தி: கம்பளி, பட்டு போன்ற புரத இழைகள் பருத்தியைவிட அமிலத்தைத் தாங்கும், காரத்துக்குத்தான் அவை பயப்படும். நைட்ரிக் அமிலம் மட்டும் புரதத்தை மஞ்சளாக்கிவிடும். விரலில் பட்டால் நாள்கணக்கில் மஞ்சள் போகாது.)

சிமெண்டு, கண்ணாடி, பிளாஸ்டிக், கடைசியில் ரப்பர்

ஸ்டோருத் தரையைப் பார்த்திருந்தால் சிமெண்டைப் பற்றி நான் எழுதவே வேண்டாம். தொட்டியிலிருந்து வடியும் புளித்த நீர் ஓடிய வழியெல்லாம் சிமெண்டு கரைந்து, ஜல்லிக் கற்கள் பல் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். சிமெண்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. அது காரம். அமிலம் காரத்தைச் சமன் செய்து, கரையும் உப்பாக்கிக் கழுவிக்கொண்டு போய்விடும். சுண்ணாம்புக்கல், பளிங்குத் தரை என்றால் கார்பனேட்டு, நுரைத்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடு வரும். பளிங்குத் தரையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால்கூட மங்கல் விழும்.

கண்ணாடிக்கு வருவோம். பின் வரிசை மாணவி கேட்டதற்கு விடை இதுதான். கண்ணாடியின் முதன்மைப் பொருள் சிலிக்கா. அதில் சிலிக்கனும் ஆக்சிஜனும் உறுதியாகப் பின்னியிருக்கின்றன. ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், கந்தக அமிலங்களுக்கு அதைப் பிரிக்கும் வழி இல்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு உண்டு. சிலிக்கனைப் பிடித்து இழுக்க ஃபுளோரினுக்குத் தெரியும். ஆகவே அந்த அமிலத்தைக் கண்ணாடியில் வைக்க முடியாது, பிளாஸ்டிக்கில்தான் வைப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது: ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஒரு வலுக்குறைந்த அமிலம்! கண்ணாடியையே தின்னும், தோலில் பட்டால் எலும்புவரை கேடு செய்யும், ஆனாலும் வேதியியல் கணக்கில் ‘ஆசிட் லெமா’.

இங்கேதான் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் சறுக்குகிறார்கள். வலிமை வேறு, செறிவு வேறு. மலாயில் ‘கெக்குவாத்தான்’, ‘கெப்பெக்காத்தான்’ என்று இரண்டு சொல் தெளிவாக இருக்கிறது. தமிழில் இரண்டையும் சேர்த்து ‘ஸ்ட்ராங் ஆசிட்’ என்று பேசிப் பேசிக் குழப்பிவிட்டோம். வலிமை என்பது தண்ணீரில் எவ்வளவு முழுமையாக அயனியாகிறது என்பது. செறிவு என்பது ஒரு குறிப்பிட்ட கன அளவில் எவ்வளவு அமிலம் கரைந்திருக்கிறது என்பது. ஃபார்மிக் அமிலம் வலுக்குறைந்தது. அசெட்டிக் அமிலத்தைவிட ஏறத்தாழ 10 மடங்கு வலிமை கூடுதல், அவ்வளவுதான். ஆனால் தோட்டத்துக்கு வந்த டிரம்மில் இருந்தது 85 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ளது. அது கையில் பட்டால் கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வலுக்குறைந்தது என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமே இல்லை.

நேர்மாறான உதாரணமும் உண்டு. அடர்ந்த கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகுத் தொட்டியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். அதில் தண்ணீர் ரொம்பக் குறைவு, அயனிகளும் அதற்கேற்பக் குறைவு. முதலில் கொஞ்சம் வினை நடந்ததும் எஃகின்மேல் இரும்பு சல்பேட்டுப் படலம் படிந்து மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கும். அதே தொட்டியில் தண்ணீர் புகுந்தால் அவ்வளவுதான், நீர்த்துப்போன அமிலம் எஃகைத் தின்ன ஆரம்பித்துவிடும். நீர்த்தது, அடர்ந்ததைவிட அதிகமாக அரிக்கிறது! அமிலம் தன் குணத்தைக் காட்டத் தண்ணீர் வேண்டும் என்று படிவம் 4-இல் படிக்கிறோமே, அதன் நிஜ உருவம் இது. அடர்ந்த நைட்ரிக் அமிலத்தை அலுமினியத் தொட்டியில் வைப்பதும் இதே போன்ற படலத்தின் தைரியத்தில்தான்.

வகுப்பில் செய்து பார்க்க ஆசிட் தேவையில்லை, கடைக் காடி போதும். ஏழெட்டுக் கண்ணாடிக் குவளையில் காடி ஊற்றி, வெறும் இரும்பு ஆணி, நாகம் பூசிய ஆணி, செம்புக் கம்பி, அலுமினியத் தாள், ஐஸ்கிரீம் குச்சி, பிளாஸ்டிக் மூடி, முட்டை ஓடு என்று போட்டு ஒரு வாரம் விடுங்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால், “நான் அப்பவே நெனச்சேன் டீச்சர்” என்பார்கள். நாகம் பூசிய ஆணியில் குமிழி, முட்டை ஓட்டில் நுரை, செம்பில் காற்றும் காடியும் சந்திக்கும் இடத்தில் நாள்போக்கில் பச்சை நீலம், குச்சியில் ஒன்றுமில்லை. முட்டை ஓட்டுக்குப் பதில் கரும்பலகைச் சுண்ணக்கட்டி போட வேண்டாம். இப்போதைய கட்டிகள் பல கால்சியம் சல்பேட்டு, நுரைக்காது. நான் ஒருமுறை அதை வைத்துக்கொண்டு வகுப்பு முன்னால் அசடு வழிந்திருக்கிறேன். குவளைகளை இறுக்கி மூடவும் வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும்.

அப்பா தினமும் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். “தண்ணிய மொதல்ல ஊத்து பாப்பா, அப்புறம் ஆசிட்ட கொஞ்சம் கொஞ்சமா விடு. மாத்தி செஞ்சிடாத.” காரணம் அவருக்குத் தெரியாது, பழக்கம் தெரியும். அமிலம் தண்ணீரில் கலக்கும்போது வெப்பம் வெளியாகும், கந்தக அமிலத்தில் ரொம்ப அதிகம். தண்ணீர் நிறைய இருந்தால் அந்தச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். அமிலத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும்.

இவ்வளவு சுத்தமாக வேலை செய்தவர் ஒரே ஒரு தப்பு செய்தார். வீட்டுக் கொல்லையில் இருந்த நாலு மரத்துப் பாலுக்கு என்று கொஞ்சம் ஆசிட்டைச் சிரப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து குசினி மூலையில் வைத்தார். என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. மூடியைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோனவனை, அந்தக் காட்டமான வாடைதான் காப்பாற்றியது. முகத்தைச் சுளித்துப் போத்தலைக் கீழே போட்டான். காலில் தெறித்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று சுண்ணாம்பைத் தேடி ஓடினார். அதற்குள் அப்பா அவனைத் தூக்கிக் குழாயடியில் உட்கார வைத்து, அவன் அழ அழத் தண்ணீரைத் திறந்து விட்டபடியே இருந்தார். பாதத்தில் தழும்பு இன்றும் இருக்கிறது, ஆனால் சின்னதாக.

அன்று அப்பா செய்ததுதான் சரி. அமிலம் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும், பட்ட துணியைக் கழற்றிவிட வேண்டும், பிறகு மருத்துவமனை. கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டே கழுவ வேண்டும். அமிலம் என்பதால் காரம் போட்டுச் சமன் செய்யலாமே என்று மாணவர்களுக்குத் தோன்றும், தேர்விலும் சிலர் எழுதுவார்கள். ஆய்வுக்கூட மேசையில் சிந்தியதற்கு அது சரியாக இருக்கலாம். உடம்பில் செய்யக் கூடாது. சமன் வினையும் வெப்பம் தரும், சுண்ணாம்பே தனியாகத் தோலைப் புண்ணாக்கும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போகும்போது சுட்டது திரும்பி வரும்போதும் சுடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். கேரளத்து ரப்பர் வட்டாரங்களில் இந்த அமிலம் வயிற்றுக்குள் போனவர்களைப் பற்றி மருத்துவர்கள் தனி ஆய்வுகளே எழுதியிருக்கிறார்கள். உணவுக்குழாயோடு நிற்காது, சிறுநீரகமும் கெடும். சிறுதோட்டம் வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், சூக்கா கெத்தா வீட்டில் எந்தப் போத்தலில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

போத்தல் என்றதும், பிளாஸ்டிக் டிரம்மை விட்டுவிட்டேன். பாலிஎத்திலீன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த நீளச் சங்கிலி. ஹைட்ரஜன் அயனி வந்து பிடித்துக்கொள்ள அதில் கொக்கி இல்லை. அதனால் ஃபார்மிக் அமிலம் அதில் பத்திரமாக இருக்கும். ஆனால் அடர்ந்த ஃபார்மிக் அமிலம் சும்மா இருக்கும்போதே மெதுவாகக் கார்பன் மோனாக்சைடாகவும் தண்ணீராகவும் பிரியும். பல மாதம் மூடிக் கிடந்த டிரம்மைச் சட்டென்று திறக்காமல், மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றோட்டத்தில் விட வேண்டும் என்பது அதனால்தான்.

ரப்பரும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஏற்றிப்போகும் எஃகுத் தொட்டி லாரிகளின் உள்பக்கம் ரப்பர் பூசியிருப்பார்கள், பல இடங்களில் இயற்கை ரப்பரேதான். வெறும் எஃகு என்றால் அந்த அமிலம் தின்றுவிடும். ஆனால் இதே ரப்பர் நைட்ரிக் அமிலத்துக்கோ அடர்ந்த கந்தக அமிலத்துக்கோ தாங்காது. அவை ஆக்சிஜனேற்றமும் செய்பவை, ரப்பர் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பின் வரிசை மாணவியிடம் இதைச் சொன்னேன். “அப்போ ஆசிட் ஊத்தி ஒறைய வெச்ச ரப்பர, ஆசிட் ரொப்புற லாரிக்கே பூசுறாங்களா டீச்சர்?” என்றாள். ஆமாம் என்றேன். எந்த ஆசிட் என்று சேர்த்து எழுதினால் முழு மதிப்பெண் என்றும் சொன்னேன்.